ஆர்.எஸ்.புரத்துப் பழைய வீடு: இடிக்காமல் காப்பாற்ற வழி?

கேள்வி: கோவையில் 1940களில் தாத்தா கட்டிய வீடுங்க. வளைந்த பால்கனி, மொசைக் தரை, சன்ஷேடில் மூன்று கோடுகள். சித்தப்பா இடிக்கலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. நூறு வருடம்கூட ஆகாததைப் பாரம்பரியம் எனலாமா?

பதில்: தாராளமாக! 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து மில்கள் பெருகிய ஊர் இது. வளைவுகளும் கோடுகளுமாக அந்தக் காலத்தில் கட்டிய ஆர்ட் டெக்கோ என்ற பாணியின் சாயல்தான் உங்கள் பால்கனி. இப்படி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நவீனக் கட்டடங்களைக் காக்கவே டோகோமோமோ என்ற அமைப்பு 1988இல் நெதர்லாந்தில் தொடங்கியது.

பதில்: சன்ஷேடில் காரை பெயர்கிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கும். துருவைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் பூசினால் மறுபடி விழும். இதை மட்டும் விட்டுவிடாதீங்க.

பதில்: தம்பி, முதலில் டேப் பிடித்து அளந்து வரைபடம் போடுங்க. அப்புறம் ஜன்னல் கிராதி, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் படமெடுங்க. சித்தப்பாவிடம் அதைக் காட்டிப் பேசுங்க.