தடைக்காலத்தில் வந்த தூக்கம்

எனக்கு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்றால் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் கையில் காசு இருக்காது, அது பழகினதுதான். போன வருஷம் அதோடு மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்துகொண்டது. குழுக்கடன் இரண்டு, தாலிக்கொடி அடகில். செவ்வாய்தோறும் தவணை. திங்கள் ராத்திரி வந்தாலே நெஞ்சு படபடக்கும், மணி இரண்டு மூன்று வரை கூரையைப் பார்த்தபடி கணக்குப் போடுவேன், எத்தனை தடவை போட்டாலும் அதே துண்டு விழும். ஜெபமாலை சொன்னால் வாய் 'அருள் நிறைந்த மரியே' என்று போகும், மனசு வட்டியில் நிற்கும். ஜெபம்கூட ஒழுங்காக வரவில்லையே என்று அது வேறு அழுகை.

மாமிதான் ஓரியூருக்குக் கூட்டிப்போனார். மே மாத வெயில், பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். வேதம் போதிக்க வந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டப்பட்ட இடம், அந்தச் செம்மண்ணை எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். சாவுக்கு முன்னால் சிறையில் கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார் என்று சின்ன வயதில் மறைக்கல்வியில் படித்தது, அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. விடிந்தால் சாவு என்று தெரிந்த மனுஷனுக்குக் கை நடுங்காமல் எழுத வந்திருக்கிறது. எனக்கோ செவ்வாய்க்கிழமைக்கே உடம்பெல்லாம் நடுக்கம். மண்ணில் உட்கார்ந்து நல்லா அழுதேன். அங்கே வேறு ஒன்றும் நடக்கவில்லை, உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

திரும்பி வந்த ராத்திரியும் தூக்கம் வரவில்லை. மாமி எழுந்து வந்து மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார், அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. புயல் அடிக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். 'இரையாதே, அமைதியாயிரு' என்ற இடத்துக்கு நான் வேகமாகப் போகப் பார்த்தேன், மாமி நிறுத்திவிட்டார். "நம்ம ஆளுகளும் வலையை இழுத்துப் போட்டுட்டு கெடச்ச எடத்துல சாஞ்சு தூங்குவாக. காத்துக்குள்ளயும் அவரு தூங்குனாரு பாரு. அவரு இருக்குற போட்டுலதான புள்ள நீயும் இருக்க, நீ மட்டும் ஏன் முழிச்சுக் கெடக்க?" என்றார்.

அதுவரை நான் கேட்டதெல்லாம் காற்றை அடக்கும், கடனை அடையும் என்றுதான். அன்றைக்கு எதையும் கேட்கவில்லை. ஆண்டவரே, நீர் படுத்திருக்கிற இடத்தில் நானும் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். காலையில் கோயில் மணி கேட்டுத்தான் விழித்தேன். எத்தனையோ வாரம் கழித்து அப்படி ஒரு தூக்கம்.

தூங்கி எழுந்த தலைக்குத்தான் யோசனை வரும் போல. வீட்டுக்காரரிடம் மறைத்து வைத்திருந்த இரண்டாவது கடனைச் சொன்னேன், கோபப்பட்டார், அப்புறம் அவரே குழுத் தலைவியிடம் வந்து தவணையை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டார். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் அவர்களிடம் மீன் வாங்கித் தெருவில் விற்றேன். தூக்கத்துக்காக டாக்டரிடம் போகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், என் நாத்தனாருக்கு அதுதான் சுகம் கொடுத்தது, அதுவும் ஆண்டவர் காட்டிய வழிதான் என்று நம்புகிறேன்.

கடன் இன்னும் முடியவில்லை, கொடியும் அடகில்தான் இருக்கிறது. தடை முடிந்து படகு முதல்நாள் போன ராத்திரி மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடித்தது. மாமி வாசலில் படுத்திருந்தார். நான் அந்த அதிகாரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு, லைட்டை அணைத்து அவர் பக்கத்தில் பாயைப் போட்டேன்.