மண்ணெண்ணெய் ஊத்தித் தண்ணியைச் சுத்தம் பண்றாங்களாம்!

ஆலைநீர்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "திரவச் சவ்வு இருக்கும்போது சாயக்கழிவுக்கு வேற எதுவுமே வேண்டாம், பத்து நிமிஷத்துல 99 சதவீதம் போயிடும்." படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. தண்ணியில இருக்கற சாயத்தை வாங்கி அந்தப் பக்கம் கடத்தற எண்ணெய் அடுக்குதான் அந்தச் சவ்வு. அது எந்த எண்ணெய்ல ஆனதுன்னு மட்டும் நைசா விட்டுட்டார். மண்ணெண்ணெய்! சாயத் தண்ணியில மண்ணெண்ணெயக் கலக்கிட்டு "சுத்தம்"னு சொல்ல ஒரு துணிச்சல் வேணும்.

பால்மம்80:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். மண்ணெண்ணெய யாரும் அப்படியே ஊத்தறதில்ல. துளி உடையாமக் காக்கற ஸ்பான் 80, சாயத்தைச் சுமக்கற கடத்தி எல்லாம் அதுல கரைச்சு, உள்ள அமிலக் கரைசல் விட்டு வேகமா அடிச்சா பால் மாதிரி வெள்ளையா வரும், அதுதான் பால்மம். அதைச் சாயத் தண்ணியில விட்டு மெதுவாக் கலக்கணும். மெத்திலீன் நீலம் மாதிரி நேர் மின்னூட்டச் சாயம்னா டி2இஎச்பிஏங்கற கடத்தி அதைப் பிடிச்சு எண்ணெய் வழியா உள்துளிக்குள்ள தள்ளிடும். தண்ணி தெளியறதக் கண்ணால பார்க்கலாம்.

புதுவரவு:
நீங்க பேசறது பால்மச் சவ்வா, இல்ல எண்ணெயைத் துளைத்தாள்ல ஊறவைக்கிற தாங்கு சவ்வா? ரெண்டும் வேற வேற ஆச்சே.

ஆலைநீர்:
தெளியும், சரி. இன்னும் கொஞ்ச நேரம் கலக்கிப் பாருங்க. துளி உடைஞ்சு உள்ள போன நீலம் திரும்ப வெளிய வரும். நானே பீக்கரைக் கையில வெச்சுப் பார்த்திருக்கேன்: தெளிஞ்ச தண்ணி கண்ணெதிர்லயே மறுபடி நீலமாச்சு. மேல வானவில் மாதிரி ஒரு எண்ணெய்ப் படலம் வேற. அந்த மண்ணெண்ணெய் எங்க போகுதுன்னுதான் கேட்கறேன்.

சொல்லாய்வு:
"சவ்வு" உயிருள்ள உடம்புக்குத்தான் பொருந்தும். இங்க "படலம்"னு எழுதறதுதான் சரி.

பால்மம்80:
@ஆலைநீர் கலக்கியை அசுர வேகத்துல சுத்தவிட்டா எந்தத் துளிதான் நிக்கும்? ஸ்பான் 80 குறைஞ்சா உடையும், கூடினா கெட்டியாகிச் சாயம் நகர நேரமாகும். அளவு தெரியணும். போன மாசம் எதிர் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) பத்தின விவாதத் திரியிலயும் நீங்க இப்படித்தான் அரைகுறையாப் பார்த்துட்டு வந்து சண்டை போட்டீங்க.

ஆலைநீர்:
அந்தத் திரியில நான் சொன்னதுக்குப் பதில் இன்னும் வரல, அது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஆலைக் கழிவு என்ன, ஒரே சாயம் கரைச்ச ஆய்வகத் தண்ணியா? உப்பு, சோடா, சோப்பு, நாலு சாயம் சேர்ந்து வரும். ரியாக்டிவ் சாயத்துக்கு எதிர் மின்னூட்டம், உங்க டி2இஎச்பிஏ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்கான கடத்தி அலிக்குவாட் 336 போட்டா, உப்புல இருக்கற குளோரைடு அதோட இடத்துக்குப் போட்டிக்கு வரும். இதெல்லாம் போகட்டும், மண்ணெண்ணெய்?

பால்மம்80:
ஆஸ்திரியாவுல லென்சிங் விஸ்கோஸ் ஆலையில 1980கள்லயே பால்மச் சவ்வு வெச்சுக் கழிவுநீர்ல இருந்து துத்தநாகம் எடுத்தாங்க. மின்புலம் கொடுத்து பால்மத்தை உடைச்சு எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆலையே ஓட்டியிருக்காங்க, இவருக்குப் பீக்கர்தான் பெருசு.

ஆலைநீர்:
துத்தநாகம் என்ன கலர் சார்? நான் சாயத்தைக் கேட்டா இவர் உலோகத்தைக் காட்டறார். திரும்ப எடுத்தது போக, தண்ணியோட போன மண்ணெண்ணெய், கழிவோட மாசைக் காட்டற சிஓடி அளவுல ஏறுமா ஏறாதா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.

பால்மம்80:
சூரியகாந்தி எண்ணெய்லயே செய்யறாங்க. படிச்சாத்தானே தெரியும்.

ஆலைநீர்:
அது இன்னும் கெட்டி, சாயம் ஊர்ந்துதான் போகும். அப்போ பத்து நிமிஷக் கணக்கு என்னாச்சு? ஆக, மண்ணெண்ணெய் சரியில்லன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.

பால்மம்80:
ஒண்ணும் ஒத்துக்கல. வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

சொல்லாய்வு:
இன்னும் எல்லாரும் "சவ்வு"ன்னுதான் எழுதறீங்க.

ஆலைநீர்:
ஐயா, நீங்க மேல மிதக்கற அந்த எண்ணெய்க்குப் "படலம்"னு பேர் வெச்சுக்கோங்க, பொருத்தமா இருக்கும்.

புதுவரவு:
நான் கேட்டது… பால்மமா, தாங்கு சவ்வா?

ஆலைநீர்:
எதுவா இருந்தா என்ன தம்பி, தாங்கு சவ்வோட துளையில ஊறவைக்கறதும் மண்ணெண்ணெய்தான். அதுவும் நாளாக நாளாகத் தண்ணியில கசிஞ்சு போயிடும். எங்க போகுதுன்னு அவரையே கேளு.