ஆர்க்டிக் பள்ளியில் முதல் வருடம், சூரியன் போகப்போகிறது, பிள்ளைகள் வாய் திறப்பதில்லை

பனிக்கரை:
வணக்கம். ஆகஸ்ட்டில் டொராண்டோவில் இருந்து பாண்ட் இன்லெட்டுக்கு வந்தேன், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். கனடாவின் வடக்கே பாஃபின் தீவின் வடக்கு ஓரம், சுமார் 1,500 பேர், பெரும்பாலும் இனுயிட் மக்கள், வெளியூருக்குச் சாலையே கிடையாது. கடல் உறையத் தொடங்கிவிட்டது. நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரி கடைசியில்தான் வருமாம். இருட்டுகூடப் பரவாயில்லை, வகுப்புதான் கவலை. கேள்வி கேட்டால் பிள்ளைகள் பேசாமல் என் முகத்தையே பார்க்கிறார்கள். காலையில் பாதிப் பேர் வருவதில்லை, வந்தவர்களிலும் இரண்டு மூன்று பேர் மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். என்னைப் பிடிக்கவில்லையோ என்று அழுத நாளும் உண்டு. அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடகடல்:
தங்கச்சி, அவர்கள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், புருவத்தைப் பாருங்கள். இரண்டு புருவமும் சட்டென்று மேலே போனால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. நான் அந்தப் பக்கத்திலேயே இன்னொரு ஊரான இக்லூலிக்கில் ஐந்து வருடம் இருந்தேன். முதல் மாதம் ஒரு பையனிடம் "முடித்துவிட்டாயா, முடித்துவிட்டாயா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், அவன் ஒவ்வொரு முறையும் புருவத்தை உயர்த்தினான், கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து என் கையிலேயே வைத்துவிட்டான். எல்லாக் கணக்கும் போட்டிருந்தான்.

தூக்கத்துக்குத் திட்டாதீர்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் உடம்புக்கு நேரம் தெரியாது, அதோடு வீடு போதாமல் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கி இருக்கிறார்கள், எல்லோருக்கும் தனிப் படுக்கை இருக்காது. கணக்கைப் பத்தரைக்குப் பிறகு வையுங்கள், காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். வருகைக்காகப் பெற்றோரிடம் கடுமையாகப் பேசவே வேண்டாம். அந்தத் தாத்தா பாட்டிகளில் பலரைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் போட்டார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் அவர்கள் மனதில் என்ன வரும் என்று யோசித்துவிட்டுக் கதவைத் தட்டுங்கள், அதுவும் தேநீர் குடிக்கப் போனதாக இருக்கட்டும்.

நீலவெளிச்சம்:
வீட்டு விஷயம் ஒன்று. தண்ணீர் லாரியில்தான் வரும், கழிவுநீரும் லாரியில்தான் போகும். பனிப்புயல் வந்தால் லாரி ஓடாது, சில சமயம் இரண்டு மூன்று நாள். புயல் அறிவிப்பு வந்ததும் துணி துவைக்க ஆரம்பிக்காதீர்கள், தொட்டியில் இருப்பதுதான் கணக்கு. வைட்டமின் டி இப்போதே தொடங்குங்கள். டிசம்பரிலும் நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வரும், அந்த நேரத்துக்கு அறைக்குள் இருக்காமல் பிள்ளைகளோடு வெளியே போய்விடுங்கள்.

மெய்யெழுத்து:
அவர்களுடைய மொழியான இனுக்டிடுட்டின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் அக்கா, நமக்குச் சீக்கிரம் பிடிபடும். உருவம் மெய்யைச் சொல்லும், அதைத் திருப்பி வைத்தால் உயிர் மாறும், நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் எழுத்தைச் சின்னதாக்கி மேலே ஏற்றிவிடுவார்கள். சொல்லோடு சொல்லாக ஒட்டிக்கொண்டே போவதும் நம்மைப் போலத்தான். நீங்கள் தப்பாக வாசித்தால் பிள்ளைகளே திருத்துவார்கள், அங்கேதான் எனக்கு அவர்களுடைய குரல் முதலில் கேட்டது.

வடகடல்:
இதையும் செய்யுங்கள். ஊர்ப் பாட்டி ஒருவரை அழைத்து வகுப்பில் குல்லிக் ஏற்றச் சொல்லுங்கள், சீல் எண்ணெயில் எரியும் கல் விளக்கு. இக்லூலிக்கில் முன்பெல்லாம் சூரியன் திரும்பியதும் பிள்ளைகள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பழைய விளக்கை ஊதி அணைப்பார்களாம், பிறகு புதுத் திரியில் ஏற்றுவார்களாம். பாட்டி பேசட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

பனிக்கரை:
நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. இன்று புருவத்தைப் பார்த்தேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள், பின்னங்கள் புரிந்ததா என்றதும் ஒன்பது பேருக்குப் புருவம் மேலே போனது, இரண்டு பேர் மூக்கைச் சுருக்கினார்கள், அவர்களோடு மட்டும் தனியாக உட்கார்ந்தேன். பாட்டி வியாழக்கிழமை வருகிறார், எண்ணெயும் பாசித் திரியும் அவரே கொண்டுவருவாராம். விளக்கு ஏற்றும்போது புகை எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க முன்கூட்டி யாரிடம் சொல்ல வேண்டும்?