லீசைட் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது?

வணக்கம் உறவுகளே, நான் ஆரையம்பதி. அக்காவின் மகன் படிக்க ரொறன்ரோ போகிறான். அவனுக்கு லீசைட் பகுதியில் ஒரு அறை சரிவந்திருக்கிறது. மரங்கள் நிறைந்த அமைதியான இடமாம். அட்வான்ஸ் கட்டுகிற நேரம் பார்த்து யாரோ அக்காவின் காதில் புரூஸ் மெக்கார்தரின் கதையைப் போட்டுவிட்டார்கள்.

தோட்ட வேலை செய்த அந்த ஆள் 2010 முதல் 2017 வரை 8 ஆண்களைக் கொன்றவன். லீசைட்டில் ஒரு வீட்டில் புல் வெட்டிக் கொடுத்து, பதிலுக்கு அங்கே தன் சாமான்களை வைத்திருந்தான். அந்த வீட்டுப் பூச்சாடிகளிலும் பின்னாலுள்ள பள்ளத்திலும்தான் உடற்பாகங்கள் கிடைத்தன. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். இறந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. ஒருவர் 2010 இல் தமிழ் அகதிகளைக் கனடாவுக்கு ஏற்றிப்போன சன் சீ கப்பலில் போய்ச் சேர்ந்தவர். அக்காவுக்கு நெஞ்சில் தைத்தது அதுதான்.

2018 ஜனவரியில் பிடித்து, 2019 இல் ஆயுள் தண்டனையும் கொடுத்தாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். “அந்த மண்ணில என்ட பிள்ள இருக்க மாட்டான்” என்கிறா.

அங்கே குடியிருக்கிற தமிழ்க் குடும்பம் யாராவது, முடிந்தால் ஒரு அம்மா, அக்காவோடு பத்து நிமிஷம் வாட்ஸ்அப்பில் பேசுவீர்களா? இரவு பஸ் வசதி, வாடகை நியாயமா என்பதையும் சொன்னால் நல்லது. வெள்ளிக்குள் பதில் சொல்லவேண்டும். உள்பெட்டிக்கு வாருங்கள்.