பிடிகூறு, மீள்சுட்டு: ஒழுங்குக் கோவைக்கு இரண்டு கலைச்சொற்கள்

வணக்கம்.

உரையில் குறிப்பிட்ட வடிவத்தில் அமைந்த எழுத்துத் தொடர்களைத் தேடவும் மாற்றவும் கணினி நிரல்களில் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை 'வழக்கமான வெளிப்பாடு' என்று எழுதுவதை நாம் கைவிட வேண்டும். 1950களில் ஸ்டீபன் கிளேனி கணிதத்தில் வரையறுத்த அந்த 'ரெகுலர்' அன்றாட வழக்கத்தைக் குறிப்பதன்று. 'எக்ஸ்பிரஷன்' என்பதற்கோ பள்ளிக் கணிதத்திலேயே 'கோவை' இருக்கிறது. ஒழுங்குப் பலகோணம் போல ஒழுங்குக் கோவை என்பதே போதும்.

கோவைக்குள் அடைப்புக்குறியிட்டு எழுதும் பகுதி, உரையில் தனக்குப் பொருந்துவதை நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த 'கேப்சர் குரூப்'புக்கு முன்மொழியப்பட்டுள்ள 'கைப்பற்றுக் குழு' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழு என்றால் ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள்; கைப்பற்றினால் பொருள் இருந்த இடத்தை விட்டுப் போய்விடும், இங்கோ மூல உரை அப்படியே இருக்கிறது. பதிவுக்கோப்பில் 2023-11-05 என்றிருக்கும் தேதியை 05-11-2023 என்று மாற்றும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். நான்கு இலக்கம், இரண்டு இலக்கம், மீண்டும் இரண்டு இலக்கம் என மூன்று அடைப்புகளை எழுதிவிட்டு, மாற்றுச் சரத்தில், அதாவது பதிலாக இட வேண்டிய உரையில், மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று எண்ணிட்டு அழைக்கிறோம். கோவையை எழுதும்போது அது பிடிக்கும் கூறு. பொருத்தம் நடக்கும்போது பிடிக்கின்ற கூறு. மாற்றும்போது பிடித்த கூறு. முக்காலத்தையும் ஒரே சொல்லில் அடக்க நம்மிடம் வினைத்தொகை இருக்கையில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை: 'பிடிகூறு'. தொகுப்பதற்காக மட்டும் அடைப்பிட்டு, எதையும் நினைவில் வைக்காத வகைக்குப் 'பிடியாக் கூறு' என்பது இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல் இப்படித் தானே முளைப்பதைத்தான் நல்ல கலைச்சொல்லின் அடையாளமாக நான் கருதுகிறேன்.

முன்னர்ப் பிடித்ததைக் கோவைக்குள்ளேயே மறுபடி அழைப்பதற்குப் 'பின்குறிப்பு' என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைத்துள்ளனர். கடிதத்தின் முடிவில் எழுதுவதற்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. நான் 'மீள்சுட்டு' என்கிறேன். ஒரு கட்டுரையில் 'என்று என்று' எனத் தவறுதலாக இரட்டித்த சொற்களைத் தேடும்போது, முதற்சொல்லைப் பிடிகூறு பிடிக்கிறது, இடைவெளிக்குப் பின் வரும் மீள்சுட்டு 'அதுவே மீண்டும்' என்கிறது. இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வர வேண்டும் என்ற நம் இலக்கண முறையும் இங்கே பொருந்துகிறது, ஏனெனில் பிடிகூறு எதையும் பிடிப்பதற்கு முன் அதைச் சுட்டிப் பயனில்லை.

லுக்அஹெட் என்பதற்கு 'முன்னோக்கு' எனக்கு நிறைவளிக்கவில்லை. உரையில் நகராமலே அடுத்து வருவதைச் சோதிப்பது அதன் வேலை. அந்த நகராமை சொல்லில் தெரிய வேண்டும். இதற்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.