பாதி தானாக ஓடும் காரில் கவனம் சிதறினால், ஸ்டியரிங்கை மீண்டும் வசப்படுத்த எவ்வளவு நேரம் கிடைக்கும்?

அஸ்தம்பட்டிவாசி:
முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டு, கோட்டை விட்டு விலகாமலும் ஓடும் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறேன். சென்ற வாரம் கோவை செல்லும்போது, பவானிக்கு அருகே சாலைப் பணிக்காக வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்த இடத்தில், திரையில் பச்சையாக இருந்த ஸ்டியரிங் படம் ஓசையின்றிச் சாம்பல் நிறமாகிவிட்டது; அதாவது, கோட்டைப் பிடித்து ஓட்டும் உதவி விலகிவிட்டது. அந்நேரம் ஒரு கை ஸ்டியரிங்கிலும் மறு கை தட்டுவடை செட் பொட்டலத்திலும் இருந்தன. நிமிர்ந்தபோது தடுப்புக் கூம்புகள் நேர் எதிரே நின்றன. பத்து நொடி அவகாசம் உண்டு என்று படித்திருந்தேனே, அது என்னவாயிற்று?

கொண்டலாம்பட்டி ஓட்டுநர்:
ஐயா, அந்தப் பத்து நொடி, சாலையைக் கவனிப்பதையும் தானே செய்யும் மூன்றாம் நிலை வண்டிகளுக்கு உரியது. ஐ.நா.வின் 157ஆம் ஒழுங்குவிதிப்படி, அவ்வகை வண்டி பொறுப்பை ஏற்குமாறு ஓட்டுநரை அழைத்த பிறகும் பொதுவாகப் பத்து நொடி வரை தானே ஓட்டிச் சென்று, பதில் வராவிட்டால்தான் நிறுத்தத் தொடங்கும். உங்களுடையது இரண்டாம் நிலை. அதில் சாலையைக் கவனிப்பது முழுக்க உங்கள் வேலை, எச்சரிக்கை வரும் என்ற உறுதியும் இல்லை. பல கார்களில் கை ஸ்டியரிங்கில் தரும் சிறு அழுத்தத்தை மட்டுமே உணரி அறியும். கண் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கையை வைப்பது நொடி வேலை என்றாலும், பின்னால் வருவது லாரியா, பக்கத்தில் இடம் உண்டா என்று மனம் நிலவரத்தைப் பிடிக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது. பயிற்சியைப் பறித்துவிட்டு, மிகக் கடினமான கணத்தை மட்டும் மனிதனிடம் ஒப்படைக்கிறது தானியக்கம் என்று உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே எழுதிவிட்டார்.

ஏற்காட்டு மலைவாசி:
2018இல் அமெரிக்காவின் டெம்பி நகரில் சோதனைக் கார் ஒன்று பாதசாரியை மோதிக் கொன்ற விபத்தில், கருவி அவரை 5.6 நொடிக்கு முன்பே கண்டிருந்தது. கண்காணிக்க அமர்த்தப்பட்டவரோ கைபேசியால் கவனம் சிதறியிருந்தார். அதுவே தொழிலாகக் கொண்டவருக்கே அந்த நிலை. (ஷோரூமில் சோதனை ஓட்டத்தின்போது, "கையை எடுத்துவிடலாம் சார்" என்று சொல்லி விற்பவர்களை என்ன சொல்வது!) இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பனிமூட்டமும் உள்ள எங்கள் மலைப்பாதையில், அடிவாரத்திலேயே அந்த வசதியை அணைத்துவிடுகிறேன்.

அஸ்தம்பட்டிவாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று வீட்டு வாசலில் நின்ற காரில் அமர்ந்து, அதே மாதிரிப் பொட்டலத்தை ஒற்றைக் கையால் பிரித்துப் பார்த்தேன்: நூலை அவிழ்க்க மட்டும் ஒன்பது நொடி பிடித்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது 200 மீட்டர்.