111111111-இன் வர்க்கம்: கடைசி இரண்டு இலக்கமும் பூஜ்யமாக வருகிறது, உதவி தேவை

பெரம்பூர்_டியூஷன்:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு ஒன்பது ஒன்றுகளின் வர்க்கத்தைச் சார்ட்டில் போடுகிறார்கள். 12345678987654321 வரவேண்டும். ஸ்பிரெட்ஷீட்டில் பெருக்கினால் 12345678987654300 என்று நிற்கிறது. ஃபார்மேட் மாற்றியும் அதேதான். பாரிமுனையில் வாங்கிய கால்குலேட்டரில் 12 இலக்கம்தான் கொள்ளும். வந்த விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 78. அது ஒன்பதால் வகுபடவில்லை, 111111111 ஒன்பதின் மடங்காச்சே! சனிக்கிழமை கண்காட்சி. என்ன செய்யலாம்?

வேளச்சேரி_கோடர்:
டீச்சர், உங்கள் சந்தேகம் நியாயமானது. எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், உங்கள் எண்ணுக்கு 17. ஃபார்மேட் மாற்றினால் திரும்பி வராது. பைத்தான் நிரல்மொழியில் 111111111**2 போடுங்கள், முழு எண் எவ்வளவு நீளமானாலும் அப்படியே வரும். ஆனால் தசம எண்ணாக மாற்றிவிடாதீர்கள். 9007199254740992, அதாவது 2-இன் 53ஆம் அடுக்கைத் தாண்டிவிட்டால் அதில் ஒற்றைப்படை எண்ணுக்கே இடமில்லை. உங்கள் எண் 320 என்று முடியும்.

தரமணி_கணக்கு:
டீச்சர், சார்ட்டுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். 111111111-ஐ ஒன்பது வரிசையாக, ஒவ்வொரு வரிசையையும் ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி எழுதச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே கூட்டினால் வலது ஓரத்தில் ஒரே ஒரு 1, அடுத்த பத்தியில் இரண்டு, நடுப்பத்தியில் ஒன்பது, பிறகு இறக்கம். எந்தப் பத்தியும் ஒன்பதைத் தாண்டாததால் மிச்சத்தைப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் வேலையே இல்லை. விடை ஏறி இறங்குவது அதனால்தான். பத்து ஒன்றுகள் எடுத்தால் நடுவில் 10 வந்து, அந்த 1 இடப்பக்கம் போய் எல்லாம் கலைந்துவிடும்: 1234567900987654321. இதையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஒன்பதோடு ஏன் நிற்கிறது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியவேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம் விடையைச் சரிபார்க்க, வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள்: 12+345+678+987+654+321 = 2997. அது 999-இன் மூன்று மடங்கு. 1000-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் இந்த வழி செல்லும். 999 = 27×37. ஆக, 37-ஆலும் வகுபடும்.

பெரம்பூர்_டியூஷன்:
ரொம்ப நன்றி சார், 2997 வந்ததும் பிள்ளைகள் குதித்துவிட்டார்கள். மொத்தம் எத்தனை காரணிகள் என்று ஒரு பையன் கேட்கிறான்.

தரமணி_கணக்கு:
நல்ல கேள்வி. 111111111 = 3²×37×333667. அதன் வர்க்கம் 3⁴×37²×333667². ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 5×3×3 = 45. முழு வர்க்கம் என்பதால்தான் ஒற்றைப்படை. காரணிகளை ஜோடி ஜோடியாக எழுதினால் 111111111 தனக்குத்தானே ஜோடி. 333667 பகா எண்தானா என்று பையன் கேட்டால், 577 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அது ஆறிலக்க எண்தானே, அந்த வேலைக்கு உங்கள் ஸ்பிரெட்ஷீட்டே தாராளம்.